பன்னிரண்டு போர்வைகள்

"மடுமாதாவாணை, நான் சொல்லப்போற ஒவ்வொரு சொல்லும் சத்தியம்!" பத்திநாதர் வலது கையைத் தூக்கினார். இடது கையில் பாதி கடித்த மீன் பணிஸ்.

"போன கிழமையும் உப்பிடித்தான் சத்தியம் பண்ணி, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஆத்திலை தூண்டில் போட்டுத் திமிங்கிலம் பிடிச்சனியள்" என்றாள் பிலோமினம்மா.

"சின்னத் திமிங்கிலம் பிள்ளை."

கோட்-டெ-நெய்ஜ் தேவாலயத்தின் கீழ்மண்டபம். பூசை முடிந்து எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினம்மாவின் கணவர் ஞானேந்திரனுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. கதவுக்கும் மேசைக்குமாக நடந்தார். தேர்தல் கூட்டத்தில் கல்லெறிந்து சிவப்புக் கட்சிக்காரன் ஒருவனின் மண்டையை உடைத்ததாக மகன் றொக்சன் மேல் வழக்கு. றொக்சன் நீலக் கட்சிக்காகத் துண்டுப்பிரசுரம் கொடுத்துத் திரிந்தவன். நீதிபதி தனியே விசாரிப்பதா, பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியா என்று நாளைக் காலையில் அவன் கோர்ட்டில் சொல்லியாக வேண்டும்.

"இஞ்சை பாதிச் சனம் சிவப்பு அண்ணை. ஏழெட்டுச் சிவப்பு ஜூரிக்கை வந்து குந்தினா என்ரை பிள்ளையின்ரை கதி என்ன? படிப்பு, வேலை, எல்லாம் போச்சு!" என்றார் ஞானேந்திரன்.

பத்திநாதர் சுவரோரம் நின்ற றொக்சன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ எறிஞ்சனியோ?"

"இல்லை அங்கிள்."

"மெய்யாத்தானே?"

"மெய்யா."

"அப்ப ஜூரியைக் கேள். நான் ஜூரியிலை இருந்தனான். இருபது வருசத்துக்கு முதல், தை மாசம். சிவப்புக் கட்சியின்ரை விளம்பரப் பலகையைக் கொளுத்தினதெண்டு ஒருத்தனைக் கொண்டுவந்து நிப்பாட்டியிருந்தவை. நல்ல வடிவான மனுசன்."

"பிறகு?" ஞானேந்திரன் முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

"நாங்கள் ஆறு பேர் சிவப்பு, ஆறு பேர் நீலம். மேசைக்கு நடுவாலை ரேப் நாடா ஒட்டிப் பிரிச்சாச்சு. பீற்சாவும் ரெண்டு கடையிலை. ஒன்பது நாளா ஆளையாள் முகம் பாக்கேல்லை. பத்தாம் நாள் ஹீற்றர் நிண்டுபோச்சு. வெளியிலை மைனஸ் முப்பது! கோர்ட்டுக்காரர் பன்னிரண்டு சாம்பல் போர்வை தந்தினம். தலையோடை மூடினாப்போலை ஆர் சிவப்பு, ஆர் நீலமெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. எனக்கே நான் ஆரெண்டு கொஞ்ச நேரம் மறந்துபோச்சு. அரை மணித்தியாலம்தான். குற்றவாளி இல்லையெண்டு பன்னிரண்டு பேரும் ஒரே வாயாச் சொன்னம்."

"ஜூரி அறைக்கை கதைச்சதை வெளியிலை சொல்லக் கூடாதெண்டு சட்டமெல்லே அங்கிள்?" என்றான் றொக்சன்.

"அதுதான் பிரெஞ்சிலையும் இங்கிலீசிலையும் வாயே திறக்கேல்லை. தமிழிலை சொல்லக் கூடாதெண்டு அந்தச் சட்டத்திலை ஒரு வரி காட்டு பாப்பம்!"

வழக்கு வந்த இந்த மூன்று மாதத்தில் இப்போதுதான் றொக்சன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு ஞானேந்திரன் தொலைபேசியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"லோயருக்கு நீயே சொல்லு ராசா. ஜூரி."

பத்திநாதர் மிச்சப் பணிசை வாயில் போட்டுக்கொண்டு, கோட்டை மாட்டி, பனிக்குள் இறங்கி நடந்தார்.

அவர் ஒரு நாளும் ஜூரியில் இருந்ததில்லை. இருபது வருடத்துக்கு முன் கூண்டில் நின்ற அந்த வடிவான மனிதர் அவரேதான். பன்னிரண்டு பேரும் சொன்னது 'குற்றவாளி' என்றுதான். அது சரியான தீர்ப்பு என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும்.