இளவரசியின் பல்வலி

நூறு வருடமாகத் தூங்கும் இளவரசி அவள்தான். மேடை நடுவே, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள்.

ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தாள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் அற்ப ஆசை.

மூன்றாவது வரிசையில் அண்ணன்.

பக்கத்தில் அண்ணி.

திறந்த கண்ணைச் சட்டென்று மூடிக்கொண்டாள்.

நாடகம் என்றாலே நாலு காதம் ஓடுகிற மனிதர் அண்ணன். இன்றைக்குப் பார்த்து உரக்கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, தங்கை நடிக்கிறாளே என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்திருப்பாள்.

அவளுடைய நாடகக் குழுவில் பதினோரு பெண்கள். பழைய ராஜா ராணிக் கதைகளை எடுத்துக்கொள்வார்கள். அதற்குள் தங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையை வைத்துத் தைப்பார்கள். ஆளுக்கொரு கதை கொண்டுவர வேண்டும்.

அதற்கு ஒரு சட்டம் உண்டு. கதைக்காரியின் பெயரை மாற்று. ஊரை மாற்று. அவள் கையில் இருக்கும் பொருளை மாற்று. மூன்றையும் மாற்றாமல் ஒத்திகைக்கு வராதே. குழுவை நடத்தும் ஜெசிந்தா அக்கா இதில் படு கறார்.

அவள் இரண்டைத்தான் மாற்றினாள்.

மூன்றாவதை மாற்ற மனம் வரவில்லை. அத்தனை அழகாக இருந்தது அது.

கிராம்பு.

போன ஆடியில், துவைத்த துணியை மடித்துக்கொண்டே அண்ணி சொன்ன விஷயம். மனம் ஒப்பாத இரவுகளில் ஒரு கிராம்பை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வாளாம். பல்வலி என்பாளாம். அண்ணன் வாசனை பிடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாராம்.

"பல்லு கல்லாட்டம் இருக்கு," என்று சொல்லி அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "உங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்" என்றாள்.

ஒத்திகையில் கிராம்பு என்றதும் பத்துப் பெண்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு கை தட்டினார்கள். இது யாருக்குத் தோன்றியது என்று ஜெசிந்தா அக்கா கேட்டார்.

எனக்குத்தான் என்றாள். கூசாமல் சொன்னாள்.

இப்போது கூசியது. உள்ளங்கால் வரைக்கும் கூசியது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அதைத்தான் செய்துவிட்டு மேடையில் பட்டுப்பாவாடையோடு படுத்திருந்தாள்.

இளவரசன் வந்துவிட்டான். ஏழு கடல் தாண்டி, அட்டைக் குதிரையில். குனிந்து அவள் முகத்தருகே வந்தான்.

அவள் எழுந்து உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நூறு வருடமாக எனக்குப் பல்வலி."

அரங்கு சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

"வாயில் என்ன?" என்றான் இளவரசன்.

"கிராம்பு."

மூன்றாவது வரிசையில் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

அடுத்த வரிதான் நாடகமே. என் பல் நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு வாய் இல்லை. நாற்பது நாள் ஒத்திகையும் இந்த ஒரு வரிக்காகத்தான்.

வாயைத் திறந்தாள்.

மூடினாள்.

இளவரசன் வேடம் போட்டிருந்த பெண் கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லேன்டி.

"வலிக்கிறது," என்றாள் அவள். "ரொம்ப வலிக்கிறது. இத்தனை வருடத்தில் யாரும் என்னவென்று கேட்கவில்லை."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதில் நடிப்பு துளியும் இல்லை, அத்தனையும் வெட்கம். மற்றப் பெண்கள் எப்படியோ சமாளித்துக் கடைசிப் பாட்டை எடுத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். சனம் எழுந்து நின்று தட்டியது.

தப்பித்தோம் என்று நினைத்தாள்.

அண்ணி தப்பித்தாள் என்றல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதற்கும் சேர்த்துக் கூசினாள்.

ஒப்பனை அறை வாசலுக்கு அண்ணன் வந்தார். கண் சிவந்திருந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் அண்ணி நின்றாள்.

"பாப்பா, நெஞ்சைப் புடிச்சு உலுக்கிட்ட," என்றார் அண்ணன். "உங்க அண்ணியும் இப்படித்தான் வருசக்கணக்கா கிராம்பை அடக்கிக்கிட்டுக் கெடக்கா. நான்லாம் ஒரு மனுசனா? ஒரு நாளாச்சும் என்னான்னு கேட்டிருப்பனா? இப்பத்தான் பல் டாக்டருக்குப் போன் போட்டேன். நம்ம கடைக்கு வர்றவருதான். நாளைக்குக் காலையில அந்தப் பல்லைப் புடுங்கிட்டுத்தான் மறுவேலை."

அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"அண்ணே... அது வந்து..."

அண்ணனின் தோளுக்குப் பின்னாலிருந்து அண்ணி அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். அவர் குரல் இவ்வளவு பரிவாக ஒலித்து அவள் கேட்டதில்லை.

"எந்தப் பல்லு தமயந்தி?"

அண்ணி வாயைத் திறந்தாள். நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டே போனாள்.

நிதானமாகத் தேர்ந்தெடுத்து, ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.