உறை பிரிக்காத சார்ஜர்

"என்னண்ணே இது? சார்ஜர் ஒயரோட உறையைக்கூட இன்னும் பிரிக்கல!"

டிக்கிக்குள் தலையை விட்டிருந்த திருமுருகன், பாம்பைப் பிடித்தவன் போல அந்த ஒயர் சுருளைத் தூக்கிக் காட்டினான்.

வண்டியை விற்க நின்ற பஞ்சநதம் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டார். "சந்தர்ப்பம் அமையல தம்பி."

"மூணு வருசமாவா?"

அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டைப் பார்த்தார்.

திருமுருகன் மனைவி ஆர்த்தியைப் பார்த்துக் கண்ணடித்தான். 'மாட்டினார் பார்' என்று அர்த்தம்.

வலங்கைமானுக்கு இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டிய பஞ்சநதத்தின் வயல் மோட்டார் கொட்டகை நிழலில் நின்றது அந்தப் பெரிய கார். சார்ஜ் போட்டால் நாற்பது கிலோமீட்டர் கரண்டிலேயே ஓடும். தீர்ந்துபோனால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். திருமுருகனின் மகள் பூமிகாவைக் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வர, ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும்.

"பெட்ரோல் செலவே கிடையாது" என்று வரும்போது பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"கரண்ட் பில்லு ஏறாதா?" என்று கேட்டாள் ஆர்த்தி.

"ஏறாது. அதெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன். பேசாம வா."

பழைய வண்டி வாங்குவதில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பது அவன் எண்ணம். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்திருந்தான். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் அடியில் சேற்றுக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். கோடு இல்லை. டயர், ஏசி, எல்லாம் சுத்தம்.

இந்த ஒயர்தான் இடித்தது. ஒரு தடவைகூட சார்ஜ் போடவில்லை என்றால், போட்டாலும் ஏறவில்லை என்றுதானே அர்த்தம்? பேட்டரி செத்திருந்தால் அதை மாற்றுகிற செலவில் ஒரு மா நிலமே வாங்கிவிடலாம்.

"சரி, விடுங்க. இப்பவே போட்டுப் பார்த்துடலாம்." கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். "இந்தா, மோட்டார் பக்கத்துலயே பிளக் இருக்கே!"

"அங்க வேணாம் தம்பி."

"ஏன், பிளக் வேலை செய்யாதா?"

"செய்யும்."

"அப்புறம் என்ன?"

"வலங்கைமான்ல என் தங்கச்சி வீடு இருக்கு. கால் மணி நேரம். அங்க போயி போட்டுப் பார்ப்போம்."

திருமுருகன் சிரித்துவிட்டான். "மூணு எட்டுல பிளக்கை வெச்சுக்கிட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போகணுமாம். ஆர்த்தி, கெளம்பு. இவரு நம்மளை வெவரம் தெரியாத ஆளுன்னு நெனச்சுட்டாரு."

வாய்க்கால் பாலத்தில் மோர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்த பஞ்சநதத்தின் மனைவி சாவித்திரி காதில் அது விழுந்தது.

"நில்லுங்க தம்பி. இவரு வாயைத் திறக்க மாட்டாரு, நான் சொல்றேன்." மோரை ஆர்த்தி கையில் கொடுத்தாள். "சிங்கப்பூர்ல இருக்கிற எம் பையன் ஆசையா வாங்கிக் குடுத்த வண்டி. இந்தப் பாலத்துல ஏறாது, அகலம் பத்தல. அதனால வீட்டுக்கு வர வழியில்ல, இங்கதான் நிக்கும். இங்க இருக்கிறது இந்த மோட்டார் லைன் ஒண்ணுதான்."

"அதுல போட வேண்டியதுதானேம்மா?"

"அது வெவசாயத்துக்கு இலவசமா குடுத்த லைனாம். நெல்லுக்குக் குடுத்த கரண்டுல காரு ஓடக்கூடாதாம். நானும் சண்டை போட்டுப் பார்த்துட்டேன். மூணு வருசமா பெட்ரோலைக் குடிச்சுத் தீர்த்துடுச்சு. கட்டுப்படியாகாமத்தான் விக்கிறோம்."

பஞ்சநதத்துக்குக் கூச்சமாகிவிட்டது. "இதை எதுக்குப் பெருசா சொல்லிக்கிட்டு..."

"ஏண்ணே," என்றான் திருமுருகன், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஊர்ல அவனவன் செய்யாததா? ஒரே ஒரு தடவை போட்டிருந்தா என்ன ஆயிடப் போவுது?"

"ஒரு தடவை போட்டிருந்தா, தினமும் போட்டிருப்பேன். நான் இந்த வண்டியை விக்கவே வந்திருக்க மாட்டேன் தம்பி."

திருமுருகன் ஆர்த்தி கையிலிருந்த மோரை வாங்கிக் குடித்தான். வெகுநேரம் குடித்தான்.

நாலு பேருமாகப் போய்த் தங்கச்சி வீட்டு வாசலில் உறையைப் பிரித்து ஒயரைச் செருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு மணி நேரத்தில் வண்டியின் பேட்டரி மீட்டரில் பாதிக் கோடு ஏறிவிட்டது. பஞ்சநதம் புறப்படும்போது, தங்கச்சி வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, "உன் பில்லுல ஏறியிருக்கும்மா" என்று நூறு ரூபாயை அவள் ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார்.

சொன்ன விலைக்கே பேசி முடித்தான் திருமுருகன். ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. ஆர்த்திக்கே ஆச்சரியம்.

பஞ்சநதத்தையும் சாவித்திரியையும் பாலத்தடியில் இறக்கிவிடத் திரும்பும்போது அவன்தான் ஓட்டினான். வண்டி சத்தமே இல்லாமல் கரண்டில் போனது. போனைக் காரோடு இணைத்து, "இப்ப யாரு பேசினாலும் நாலு பேருக்கும் கேக்கும்" என்று பெருமையாகச் சொன்னான்.

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. எலெக்ட்ரீசியன் ஷேக் பரீத்தின் குரல் கார் முழுக்க நிறைந்தது.

"அண்ணே, வண்டி முடிஞ்சிடுச்சா? நீங்க சொன்ன மாதிரியே உங்க வயல் மோட்டார் கொட்டகையிலேருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஒயர் இழுத்தாச்சு. வெளியில தெரியாம தென்னமரத்தை ஒட்டியே கொண்டாந்துட்டேன். பிளக் பெட்டியை மாட்டிடட்டுமா?"

ஆர்த்தி திருமுருகனைப் பார்த்தாள். பின் சீட்டில் பஞ்சநதம் ஜன்னல் பக்கம் திரும்பி, வயலில் நடவு எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"அண்ணே? கேக்குதா?"

"கேக்குது பரீத்," என்றான் திருமுருகன். "எல்லாருக்கும் கேக்குது. அந்த ஒயரைச் சுருட்டிடு. வீட்டு மீட்டர்லேருந்து இழு."