கேட்க வந்தவர்

"சிந்து நிப்பட்டு இருக்கா?"

ரகுவுக்குக் காது குளிர்ந்தது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, முனிராஜின் கடைக்குள் சோப்பு அடுக்கைப் பார்த்தபடி, எதை வாங்குவது என்று குழம்புகிறவன் போல நின்றிருந்தான். ஓரக்கண்ணால் பார்த்தான். கேட்டவர் தோளில் டிபன் பையோடு, வேலை முடிந்து வீடு திரும்புகிற தோரணையில் இருந்தார்.

முனிராஜ் கல்லாவை விட்டு எழவில்லை. "அது இல்ல சார். வேற கம்பெனி நிப்பட்டு இருக்கு, கொடுக்கட்டா?"

"வேற வேணாம்ப்பா. மச்சான் ஸ்ரீராம்புரத்துலேர்ந்து ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தான். அதைத் தின்னதுலேர்ந்து என் பொண்ணு வேற எதையும் தொட மாட்டேங்கறா. நேத்து ஒரே அழுகை. இவ்ளோ பெரிய கடை வச்சிருக்கீங்க, இது இல்லேன்னா எப்படி?"

முனிராஜ் தலையைச் சொறிந்தார். "பேரு என்ன சொன்னீங்க?" என்று இன்னொரு தரம் கேட்டார். சோப்பு அடுக்கைப் பார்த்தபடியே ரகு தனக்குள் சிரித்துக்கொண்டான். மீன் தூண்டிலை முகர்ந்துவிட்டது.

தூண்டில் போட்டவள் அவன் மனைவி சிந்து. தமிழ்நாட்டில் தட்டை என்று சொல்வதைத்தான் பெங்களூரில் நிப்பட்டு என்பார்கள். ரகு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஈஜிபுராவில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, நிப்பட்டு பொரித்து, பாக்கெட்டில் மனைவி பெயரைப் போட்டு விற்கக் கிளம்பியிருந்தான். சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். கடைக்காரர்கள் மட்டும் சொல்லிவைத்த மாதிரி, யாராவது வந்து கேட்டால்தானே வாங்கி வைக்க முடியும் என்றார்கள். ஸ்ரீராம்புரத்தில் ஒரே ஒரு கடைக்காரர் மனசு வைத்தார்.

"அவ்வளவுதானே, கேக்க ஆள் அனுப்பினா போச்சு" என்று சிந்து முடிவு கட்டிவிட்டாள். ஆள் முதலில் போய்க் கேட்க வேண்டும். சற்று நேரம் கழித்து ரகு ஒன்றும் தெரியாதவன் போல சாம்பிள் பையோடு போய் நிற்க வேண்டும். முதலில் அவள் சித்தி சரசுவை ஒரு கடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டதும் சித்திக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு கிலோ உப்பு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அதனால் இன்றைக்குத் தன் ஆபீசில் வேலை பார்க்கும் கிளெமென்ட்டை அனுப்புவதாகச் சிந்து சொல்லியிருந்தாள். ரகு அவரைப் பார்த்ததில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது, தெரிந்தால் முகத்தைப் பார்த்துச் சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவாய் என்பது அவள் கட்சி.

முனிராஜ் கடை வாசலில் எந்தப் பாக்கெட் சரம் தொங்குகிறதோ, அதைத்தான் அந்த வட்டாரத்துச் சின்னக் கடைகளும் வாங்கித் தொங்கவிடும். இவரும் கையை விரித்துவிட்டால் கொட்டகையைக் காலி செய்துவிட்டு, ரகு பழைய கம்பெனிக்கே திரும்பிவிடுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

டிபன் பைக்காரர் கடையை விட்டு இறங்கினார். ரகுவும் பின்னாலேயே போய், பஸ் நிற்கும் இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"சார், பிரமாதம். ஆனா கொஞ்சம் ஓவர்."

"எது சார்?"

"பொண்ணு அழுதான்னு சொன்னீங்களே. நிப்பட்டுக்குப் போய் யாராவது அழுவாங்களா? அடுத்த கடையில அதை மட்டும் விட்டுடுங்க."

"அவ அழுதா சார்" என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

ரகுவுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. கடைக்கு வெளியே வந்தும் வேஷத்தைக் கலைக்காத மனுஷன். மார்க்கெட் பக்கம் இன்னும் இரண்டு கடையில் கேட்டுப் பார்க்கப் போவதாக வேறு சொன்னார். ஆபீஸ் சிநேகிதத்துக்காக இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று ரகு உருகிப்போனான். பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, "இந்தாங்க, அழுத பாப்பாவுக்கு" என்று கண்ணடித்துக் கொடுத்தான். "இன்னிக்கு இது போதும். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தார். ரகுவையும் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, நொறுங்கிவிடாதபடி அதை டிபன் டப்பாவுக்கு மேலே வைத்து ஜிப்பை மூடிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறினார். படியில் நின்றபடி, "ரொம்ப தேங்க்ஸ் சார். இன்னிக்கு வீட்ல ஒரே குஷிதான்" என்றார். பஸ்ஸிலும் நடிப்பா என்று ரகு சிரித்துக்கொண்டான்.

பஸ் நகர்ந்ததும் அந்தச் சிரிப்பு வடிந்துபோனது. தன் சரக்கைக் கேட்கத் தானே ஆள் பிடித்து அனுப்புகிற பிழைப்பு வெட்கமாக இருந்தது. உண்மையிலேயே ஒரே ஒரு ஆள் தேடி வந்து கேட்டிருந்தால் போதுமே என்று ஏங்கினான். ஆனாலும் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு முனிராஜ் கடையை நோக்கி நடந்தான்.

முதல் படியில் கால் வைக்கும்போது பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்த இளைஞன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"நீங்கதானே ரகு சார்? சிந்து மேடம் போட்டோ காட்டினாங்க. சாரி சார், சிக்னல்ல மாட்டிக்கிட்டேன். நான் கிளெமென்ட். எந்தக் கடையில போய்க் கேக்கணும்?"

ரகு பஸ் போன திசையைத் திரும்பிப் பார்த்தான்.

"வேணாம் கிளெமென்ட்," என்றான். "கேட்டுட்டாங்க."