அக்காவின் கை

எச்.ஐ.வி. பாதித்த பிள்ளைகளின் பள்ளிச் சுவரில் வானவில் ஏறிக்கொண்டிருக்கிறது. உலகத்தைக் கரையேற்றக் கடல் கடந்து வந்திருக்கும் வெளிநாட்டுத் தமிழரான தொண்டர், தொப்பைமேல் ‘அன்பே மருந்து’ என்ற பனியனோடு ஏணியில் நின்று ஊதாவை இழுக்கிறார். போன வருஷத் தொண்டர்கள் பிள்ளைகளின் கையைச் சாயத்தில் தோய்த்துப் பதித்த தடங்களெல்லாம் காலையிலேயே இவரடித்த வெள்ளைக்கு அடியில் போய்விட்டன. ஜன்னல் வெயிலில் ஈரப் பெயிண்ட் மினுங்குகிறது. மாத்திரை மணி அடிக்க, பிள்ளைகள் டம்ளரோடு ஓடுகிறார்கள். ஒரு சிறுமி மட்டும் சுவரை உள்ளங்கையால் துழாவுகிறாள். “ஏய் குட்டி, ஈரம்! என்ன தேடுறே?” “எங்க அக்கா கை, மாமா. இங்கதான் இருந்துச்சு. தினமும் மாத்திரை போட்டுட்டு வந்து, அதைவிடப் பெருசாயிட்டேனான்னு என் கையை வெச்சுப் பாப்பேன்.” “பூ, இவ்வளவுதானா! அக்காவைக் கூப்பிடு, வானவில் மேலேயே ஜம்முனு பதிச்சுடலாம்.” “அக்கா செத்துப்போயிட்டா.” தொண்டர் இறங்கி வந்து ஈரத்துணியால் தேய்க்கிறார். வெள்ளை போகிறது, அதோடு பழைய சாயமும் போகிறது, அடியில் வெறும் சிமென்ட்தான் தெரிகிறது. அவர் துணியைக் கீழே வைக்காமல் இன்னும் தேய்க்கிறார். மறுபடி மணி அடிக்கிறது. “போம்மா, மாத்திரை போட்டாத்தானே பெருசாவே?” சிறுமி சிமென்ட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். “எதைவிட, மாமா?”