வால் ஒடிந்த ஹெலிகாப்டர்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, பொம்மைப் போர் ஹெலிகாப்டரைச் செய்து முடித்த அன்றே அது வேதமுத்துவின் கை நழுவிக் கீழே விழுந்தது. அதன் வால் ஒடிந்தது. அவர் பசை வைத்து ஒட்டிவிட்டு எழுந்து போனார்.

தூரிகை பச்சை வண்ணத்தோடு வந்தது. "அந்த விரிசலை மறைத்துவிடுகிறேன். விலாவில் நாலு குண்டுக் காயம் வரைகிறேன். அலமாரியில் மதிப்பு வேண்டாமா?"

"நான் எந்தப் போருக்கும் போகவில்லையே?" என்றது ஹெலிகாப்டர்.

"அலமாரியில் நிற்கும் அந்தப் பொம்மை டாங்கி மட்டும் போனதா? அதன் காயமெல்லாம் நான் வரைந்ததுதான்."

டாங்கி தன் பீரங்கிக் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"நிஜமாக எனக்குப் பட்டது இந்த ஒரு அடிதான். மறைக்க விடமாட்டேன். பொய்க் காயமும் வேண்டாம்" என்றது ஹெலிகாப்டர்.

தூரிகை கேட்காமல் நெருங்கியது. ஹெலிகாப்டர் விசிறியைச் சுழற்றியது. வண்ணமெல்லாம் தூரிகையின் மேலேயே தெறித்தது.

டாங்கி மெல்லத் திரும்பியது. "நானும் ஒருமுறை மேசையிலிருந்து விழுந்திருக்கிறேன்" என்றது.