பெண்குரல் ஒன்று

"...இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில் புறப்படும் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று சொல்லி முடித்த ஒலிபெருக்கி, களுக்கென்று சிரித்தது.

பாகூரே அப்படியே நின்றுவிட்டது. ஏரியில் மூழ்கிய நீர்க்காகம்கூட, மீனை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

ஒலிபெருக்கி கட்டிய மணிவண்ணனின் ஆட்டோ ஒன்றும் தெரியாததுபோல் அடுத்த தெருவுக்குத் திரும்பிப் போனது.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தணிகைவேலின் முன்னால், மச்சான் நடேசன் கண் சிவக்க வந்து நின்றார்.

"இன்னா மாப்ள இது? சாவு சேதி சொல்லிட்டு சிரிக்கிறாளே, எவ அவ? பல்ல கழட்ட வாணாம்?"

அந்தக் குரலைச் செய்து ஊருக்கு விட்டவரே தணிகைவேல்தான்.

யாரும் எடுத்து, திருத்தி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்றால் அவருக்கு அப்படியொரு பைத்தியம். ரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரைக்குப் பதிலாக லினக்ஸ்தான் வரும். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு மூல நிரலைப் பற்றி ஆரம்பித்தாரென்றால், பாயசம் வருவதற்குள் அந்த வரிசையே காலியாகிவிடும்.

பேப்பரில் செயற்கை நுண்ணறிவு என்று ஒரு வரி வந்தால் போதும். "நம்ம குரலையே எடுத்துனு போயி நமக்கே விக்கிறானுங்க!" என்று கத்துவார். வில்லியனூரில் பேருந்துக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கத்தியதோடு விடவில்லை. எதை எழுதிக் கொடுத்தாலும் வாசிக்கும் தமிழ்க்குரல் ஒன்றைத் தானே செய்யக் கிளம்பினார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எவரையும் கேட்க வேண்டியதில்லை.

குரல் கொடுக்கப் பிடித்து உட்கார வைத்தது மனைவி ஆதிலட்சுமியை.

"இத்தினி படிச்சா எனுக்கு இன்னாயா கெடைக்கும்?"

"விடுதலைடி. எல்லாருக்கும் விடுதலை."

"அத்த வச்சி இட்லிக்குத் தொட்டுக்கலாமா?"

பீரோ அறையின் நாலு சுவரிலும் எதிரொலி அடங்க ரஜாய்ப் போர்வை தொங்கியது. சத்தம் வரும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார். அந்த வேர்வையைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு போகம் நெல்லே விளைந்திருக்கும்.

அவள் 'வூடு' என்றால் 'வீடு' என்று திருத்தினார். 'இன்னா' வந்த இடத்தையெல்லாம் வெட்டினார். அவள் படிக்கும்போது எதிரே நின்று, உதட்டில் விரலை வைத்து, கண்ணைக் கோயில் வாசல் பூதம்போல் உருட்டுவார். தெருநாய், காற்று, மேலே போகிற விமானம் எல்லாமே அவருக்கு அடங்கியாக வேண்டும்.

நீண்ட வாக்கியத்தை மூச்சைப் பிடித்துப் படித்து, 'கொள்கிறோம்' என்று முடித்து நிமிர்வாள். அந்த முழியைப் பார்ப்பாள். களுக்கென்று சிரித்துவிடுவாள்.

"தரவு கெட்டுப்போச்சு! மறுபடி படி!"

சிரித்த பதிவுகளையெல்லாம் தூக்கி எறிந்தார். இடத்தை அடைக்கிறதென்று வன்தட்டிலிருந்தும் துடைத்துவிட்டார். ஏதோ ஒரு சிரிப்பின் வால் மட்டும் சல்லடைக்குத் தப்பி உள்ளே போய்விட்டது.

"எம் பேரு மட்டும் போடாத, ஊரே சிரிக்கும்" என்றாள். அதனால் உலகத்துக்கு அவள் 'பெண்குரல் ஒன்று'. சலித்துச் சலித்து, கூடப் பிறந்த நடேசனுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அந்தக் குரல் சுத்தமாகிவிட்டது.

மணிவண்ணன் அதை வைத்து வெங்காயம் விற்றான். கூவி முடித்ததும் சிரித்தது. சனங்கள் இன்னும் ஒரு கிலோ சேர்த்து வாங்கினார்கள். சாவுச் செய்தியை மட்டும் அவன் எப்போதும் தன் வாயாலேயேதான் சொல்வான். இன்று இரண்டு முறை மைக்கைப் பிடித்துவிட்டுக் கீழே வைத்தான். எழுதி, குரலிடம் கொடுத்துவிட்டான்.

ஒரு மணி நேரம் கழித்துத் தணிகைவேலின் கைப்பேசி அடித்தது. மூலக்குளத்திலிருந்து கலைவேந்தன். குரலைப் பராமரிப்பதில் அவருக்குத் துணை.

"அண்ணே, பாகூர்ல சாவு அறிவிப்புல நம்ம குரல் சிரிக்குதாம்ணே. சிரிக்கிற அந்தக் கடைசி வரி மட்டும் வீடியோவா சுத்துது, மானம் போவுது. அந்தச் சிரிப்ப எடுத்துட்டு புதுப் பதிப்பு ரெடி பண்ணிட்டேன். நீங்க சரின்னா உடனே மணிவண்ணன் போனுக்குப் போயிடும்."

பிழை என்று யார் சொன்னாலும், தின்கிற சோற்றை விட்டுவிட்டு எழுந்து திருத்துகிறவர் தணிகைவேல். நாளைக்கு இன்னொரு வீட்டு வாசலில் இது சிரிக்கக் கூடாது. அதுவும் அவருக்குத் தெரியும்.

கைப்பேசித் திரையில் 'சரி' என்று ஒரு பொத்தான்தான். விரல் அதன் மேல் போய் நின்றது.

ஊரைச் சுற்றிவிட்டு ஆட்டோ திரும்பி வரும் சத்தம் கேட்டது.

"நாலு மணிக்கு மேல அனுப்பிக்கலாம்பா" என்றார்.

"ஏண்ணே? இப்பவே..."

அவர் கைப்பேசியை அணைத்தார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. வீட்டுக்குள் பெண்கள் ஓங்கி அழுதுகொண்டிருந்தார்கள். பந்தலோரம் மேளக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவை மறிக்க நடேசன் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார்.

தணிகைவேல் எழுந்தார். உதட்டில் விரலை வைத்தார். கண்ணை உருட்டி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

அழுகை நின்றது. மேளம் நின்றது. நடேசன் வைத்த கால் வைத்த இடத்திலேயே நின்றது.

"பாகூர் ஏரிக்கரைத் தெரு, தணிகைவேல் அவர்களின் துணைவியார் ஆதிலட்சுமி அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார்..."

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

வாக்கியம் நீளமானது. அவர் விரலை எடுக்காமல், அது முடிவதற்காகக் காத்து நின்றார்.