ஆட்டுக்காரனும் ராசா மகளும்

"யாருகிட்டக் கேட்ட கதைன்னு எழுதலைன்னா, ஆய்வேட்டுல சேர்க்க மாட்டாவ மாமா. வெள்ளிக்கிழமை நான் அதைக் கொடுத்தாகணும்."

நஸீமா டேப் ரிக்கார்டரை வேப்பமரத்தடிக் கல்லில் வைத்தாள். பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் படிக்கிற பெண். கோவில்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, புதூர்ப் பக்கத்து இந்தக் கரிசல் காட்டுக்கு அவள் வருவது இது மூன்றாவது தடவை.

மாயகிருஷ்ணன் ஆடுகளை எண்ணுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயது ஐம்பத்தைந்து. வீட்டில் அவரும் இருபது ஆடுகளும்தான். ஊர்க்காரர்களிடம் பேசலாமென்றால், 'ஏன் கல்யாணம் கட்டல?' என்பதைத் தாண்டி அவர்களுக்குக் கேள்வியே கிடையாது. இந்தப் பெண் ஒருத்திதான் பொறுமையாக உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டாள். அது அவள் எழுதுகிற புத்தகத்தில் இடம்பெற வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவள் கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வர மாட்டேன் என்றது.

"எங்க தாத்தா சொன்னதுன்னு போட்டுக்கோ தாயி."

"போன வாரம் ஆச்சின்னீங்க!"

"ரெண்டு பேருந்தான் சொன்னாவ. அதுக்கென்ன இப்போ?"

நஸீமா சிரித்துவிட்டாள்.

"சரி, கதையாவது சரியா இருக்கான்னு பாருங்க. ஆட்டுக்காரனுக்கும் ராசா மகளுக்கும் பிரியம். அரமனையில சம்மதிக்கல. ஊரை விட்டே போயிரலாம், கண்மாய் மடைக்கு வந்திருன்னு பேசிக்கிடுதாவ. அவன் கிழக்கு மடையில மூணு நாள் காத்துக் கெடக்கான். அவ வரல."

"வரல," என்றார் மாயகிருஷ்ணன். "ராசா மகள்லா? மனசு மாறிட்டா."

"அங்கனதான் இடிக்குது மாமா. ஒரே கதை வாய்மொழியில ஒரு மாதிரி இருக்கும், கூத்துல ஒரு மாதிரி, சினிமாவுல வேற மாதிரி. அதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கதுதான் எங்க படிப்பு. முப்பது ஊர் சுத்திட்டேன், உங்க கதை ஒருத்தருக்கும் தெரியல. முந்தாநாள் ஒரே ஒரு அத்தை சொன்னாவ. புதியம்புத்தூர்ல ரெடிமேட் சட்டை தைக்காவ. அவியளும் உங்களை மாதிரி தனியாத்தான் இருக்காவ."

மாயகிருஷ்ணன் பற்றவைத்த பீடியை வாயில் வைக்க மறந்துவிட்டார்.

"அவ… என்ன சொன்னா?"

"எல்லாம் அதே கதைதான். முடிவு மட்டும் மாறுது. அதுல ராசா மக மேக்கு மடையில மூணு நாள் காத்துக் கெடக்கா. ஆட்டுக்காரன்தான் வரல." நஸீமா நோட்டைப் புரட்டினாள். "ரெண்டுல எது மூலக்கதைன்னு எனக்குப் பிடிபடல. உள்ளதைச் சொல்லுங்க மாமா, இதை யாருகிட்டக் கேட்டீங்க?"

பீடி விரலைச் சுட்டது. அவர் அதைக் கீழே போட்டார். கண் கலங்கி, நஸீமாவின் முகம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"யாருகிட்டயும் கேக்கல தாயி," என்றார். "எந்த மடைன்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடவே இல்லையே!"